தொலைவிலுள்ள கோப்பைத் திருத்துதல்

மேசைமீதுள்ள தாளிற் பிழையொன்றைக் கண்டால் உடனே அடித்துத் திருத்திவிடுகிறோம். தாள் ஓரூரிலும் திருத்துபவர் வேறோரூரிலும் இருப்பின் என் செய்வது? கணினிக் கோப்புகளைக் கையாள்வோரை நெடுங்காலம் வருத்திய வினா இது.

1976ஆம் ஆண்டிலே, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிளி வளாகத்தில் மாணவராயிருந்த பில் ஜோய் என்பவர் 'விஐ' என்னும் உரைதிருத்தியை ஆக்கினார். வீட்டிலிருந்தவாறே தொலைபேசிக் கம்பி வழியாகப் பல்கலைக்கழகக் கணினியோடு அவர் தொடர்பு கொள்வதுண்டு. அக்கம்பியில் வினாடிக்குச் சுமார் 30 எழுத்துக்களே செல்லும். 24 வரியும் வரிக்கு 80 எழுத்துங் கொண்ட திரையொன்று முற்றாக நிரம்புதற்கு ஒரு நிமிடத்துக்கு மேலாகும். ஆதலின் கட்டளைகளை ஓரிரு எழுத்துக்களாகச் சுருக்கினார். இன்று 'விஐ'யைப் பயிலப் புகுவோர் இச்சுருக்கத்தை நொந்துகொள்கின்றனர். அதனைப் பெற்ற தாய் அந்த மந்தமான கம்பியே என்பதை அவர்களிற் பலர் அறியார்.

இங்கே கோப்பும் திருத்தியும் தொலைவிலேயே இருந்தன. விசையழுத்தங்களே பயணஞ் செய்தன. மற்றைய வழி, கோப்பையே நம்மிடம் வரவழைப்பது. கான்பூர் இந்தியத் தொழினுட்பக் கழகத்தின் முதல் அணி மாணவருள் ஒருவரான அபய் பூஷண், 1971 ஏப்பிரலில், கோப்புகளைக் கணினிகளிடையே மாற்றும் 'எஃப்டிபி' நெறிமுறையை வகுத்திருந்தார். கோப்பைக் கொணர்தல், திருத்துதல், மீள அனுப்புதல் என்னும் மூன்றையும் மனிதரே செய்யவேண்டியிருந்தது. இறுதிப் படியை மறந்தால் உழைப்பெல்லாம் இங்கேயே தங்கிவிடும்! 1989இல் அன்டி நோர்மன் 'ஈமாக்ஸ்' திருத்திக்கென எழுதிய 'ஆஞ்ச் எஃப்டிபி' இத்தொல்லையை நீக்கிற்று. தொலைவிலுள்ள கோப்பின் பெயரைக் கொடுத்தாற் போதும். அது உள்ளூர்க் கோப்பைப் போலவே திறந்தது.

ஆயினும் ஓர் ஆபத்து இருந்தது. கடவுச்சொல் மறைப்பெதுவுமின்றிக் கம்பியிற் சென்றது. 1995இல் ஹெல்சிங்கித் தொழினுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பிலே கடவுச்சொற்கள் ஒற்றியெடுக்கப்பட்டன. அங்கு ஆய்வாளராயிருந்த தாத்து உலோனென் அதே ஆண்டில் 'எஸ்எஸ்எச்' என்னும் மறைகுறித் தொடர்பு முறையை வெளியிட்டார். 1998 இறுதியில் தொடங்கிய 'டிராம்ப்' என்னும் ஈமாக்ஸ் துணைநிரல் அப்பாதுகாப்பான பாதையைப் பயன்படுத்திக்கொண்டது.

கொணர்ந்து திருத்தும் முறையிற் குறைகள் இல்லாமலில்லை. ஒரே கோப்பை இருவர் எடுத்துச் சென்றால், பின்னர் சேமித்தவரின் பிரதி முன்னவரின் திருத்தத்தை விழுங்கிவிடக்கூடும். ஆயிரம் கோப்புகளில் ஒரு சொல்லைத் தேட, ஆயிரத்தையும் கொணர்வதும் நடவாத காரியம். 2019 மே மாதத்தில் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் தன் 'விஷுவல் ஸ்டூடியோ கோட்' திருத்திக்கு வேறோர் ஏற்பாட்டை அறிமுகஞ் செய்தது. அதன்படி திரையும் விசைப்பலகையும் இங்கிருக்க, தேடுதல் முதலிய வேலைகளைத் தொலைவிலே நிறுவப்பட்ட துணைச்செயலியொன்று செய்கிறது.

அத்துணைச்செயலியை நிறுவவியலாத வழங்கிகளும் உள. அவற்றிற் பெரும்பாலும் 'விஐ'யோ அதன் வழிவந்த திருத்தியோ முன்னரே இருக்கும். நள்ளிரவிற் பழுது நீக்கப் புகுவோர் பலரும் அதனையே திறக்கின்றனர்.