கோவிட் மருத்துவமனைச் சிகிச்சைக்குப் பிந்தைய மீட்சி
வீடு திரும்புவதையே குணமாகக் கொள்வது தவறு. வூகான் ஜின்யின்டான் மருத்துவமனையில் 2020இல் சிகிச்சை பெற்றோரை ஆய்வாளர்கள் ஈராண்டு தொடர்ந்து கவனித்தனர். ஆறாம் மாதத்தில் 68 விழுக்காட்டினருக்கும் ஈராண்டு முடிவில் 55 விழுக்காட்டினருக்கும் ஏதாவதோர் அறிகுறி எஞ்சியிருந்தது. களைப்பு, தசைத்தளர்ச்சி, தூக்கமின்மை, பதற்றம் ஆகியவை முதன்மையானவை. எந்தக் கடும் நோயும் இப்படித்தான் படுத்தும் என்பர். தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தவர்களுக்கு அது பொருந்தும்; ஆனால் இக்குழுவில் அத்தகையோர் மிகச் சிலரே. தொற்று வராத ஒத்த வயதினரைவிட இவர்களிடம் வலியும் மனச்சோர்வும் மிகுந்திருந்தன. பெரும்பாலோர் பழைய வேலைக்குத் திரும்பினார்களே என்றால், வயிற்றுப்பாடு ஓய்வுக்குக் காத்திருப்பதில்லை. இந்த அறிகுறிகளில் உடலும் மனமும் ஒன்றையொன்று இழுக்கின்றன. மாடிப்படியில் மூச்சு வாங்கினால் பயம் வருகிறது. பயந்தவர் நடப்பதைக் குறைக்கிறார். கால்தசை மேலும் மெலிகிறது. ஆகவே இயன்முறைப் பயிற்சியையும் மனநல ஆலோசனையையும் தனித்தனிச் சீட்டில் எழுதுவது பயன் தராது.