மூன்று நாள் கணக்கு

பொன்முடிக்குப் போகும் வழியில் கல்லாறு. இதைத் தாண்டி மேலே 22 கொண்டை ஊசி வளைவுகள். மழையில் மண் சரிந்தால் ரோட்டைச் சுத்தம் செய்கிற ஆட்களைப் பார்க்கும்போதெல்லாம் என் பேங்க் புத்தி ஒன்றைத்தான் கேட்கும்: இவருக்குக் கால் முறிந்தால் எந்தத் தேதியிலிருந்து காசு?

1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் முதல் 10 நாளுக்குப் பைசா கிடையாது. 1933-ல் அது 7 ஆனது, 1959-ல் 3. சின்னக் காயத்துக்கெல்லாம் காசு கேட்டு வந்துவிடுவார்களாம்! அரிசிக்கடைக்காரர் மூன்று நாள் காத்திருப்பாரா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. முடக்கம் 28 நாளைத் தொட்டால் முதல் நாளிலிருந்தே பணம். 27 நாளில் எழுந்துவிட்டால் அந்த மூன்று நாள் போனதுதான். ஒரு நாளில் நான்கு நாள் காசு வித்தியாசம், வட்டிக் கணக்கில்கூட இப்படிப் பார்த்ததில்லை. தொகையும் பாதிச் சம்பளம்தான்.

நிரந்தர மத்திய அரசு ஊழியருக்கு வேறு கதை. 1972 விடுப்பு விதிகளில் முன்பு சிறப்பு ஊனவிடுப்பு 24 மாதம் வரை இருந்தது. அதில் முதல் 120 நாள் முழுச் சம்பளம் கிடைத்தது.

நம்மவர்கள் நிறைந்த அமெரிக்காவிலும் 1908-ல் அரசுத் தொழிலாளி 15 நாளுக்கு மேல் படுத்தால்தான் பணம். 1916-ல் காத்திருப்பு 3 நாளானது. 1974-ல் விபத்துக் காயத்துக்கு முதல் 45 நாள் சம்பளம் தொடர வழி செய்தார்கள்.

இங்கே 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு. மூன்று நாளும் 28 நாளும் அப்படியே இருக்கின்றன. ஊரில் யாராவது அடிபட்டுப் படுத்திருந்தால், டாக்டர் சீட்டில் தேதிகளைச் சரியாக எழுதி வாங்கச் சொல்லுங்கள்.