பஞ்சம் கட்டிய வானாய்வகம்

தாது வருஷத்தில் மழை பொய்த்தது. 1876-இல் தொடங்கி சென்னை மாகாணத்தையும் மைசூரையும் தக்காணத்தையும் வதைத்த அந்தப் பஞ்சத்தில் ஐம்பது லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள் என்பது பரவலான கணக்கு. கொடைக்கானல் மலையில் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கும் தொலைநோக்கிகளுக்கு அந்தப் பஞ்சம்தான் கால்கோள்.

பஞ்சத்துக்கும் சூரியனுக்கும் முடிச்சுப் போட்டவர்கள் இருவர். ஒருவர் வானியலாளர் நார்மன் லாக்கியர். மற்றவர் இந்திய அரசின் புள்ளிவிவர அதிகாரி வில்லியம் ஹண்டர். சூரியனின் முகத்தில் கரும்புள்ளிகள் சுமார் பதினோரு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறையும். புள்ளிகள் குறையும்போது சென்னையில் மழை குறைகிறது, பஞ்சம் வருகிறது என்று இருவரும் 1877-இல் எழுதினார்கள். ஆட்சியில் இருந்தவர்களுக்கு இதைவிட இதமான சேதி வேறென்ன இருக்க முடியும்? பஞ்சத்தின் நடுவிலும் தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. பழி சூரியன் தலையில் விழுந்தால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்த யோசனை ஒரு கட்டடமாக எழுந்தது. பஞ்ச விசாரணைக் குழுவும் சூரியனை முறையாகக் கவனிக்கச் சொன்னது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் இயங்கிய வானாய்வகம் கடற்கரைப் புழுக்கத்தில் கிடந்தது. கிறிஸ்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த மிச்சி ஸ்மித் பழனி மலையையும் நீலகிரியையும் அலசிப் பார்த்தார். 1893-இல் கொடைக்கானல் முடிவாயிற்று. இரண்டு ஆண்டு கழித்து ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். 1899 ஏப்ரல் முதல் நாள் ஆய்வகம் பிறந்தது. பத்தலக்குண்டு வழியாக மலைக்கு வண்டிச் சாலை வராத காலம் அது. துரைமார்கள் டோலியில் ஏறிப் போன மலை.

1907-இல் வானியலாளர் ஜான் எவர்ஷெட் வந்து சேர்ந்தார். கூடவே வந்த மனைவி மேரியும் வானியல் அறிந்தவர்; சூரிய விளிம்பில் எழும் தீநாக்குகளைக் கணவரோடு சேர்ந்து ஆராய்ந்தார், தாந்தேயின் காவியத்தில் வரும் வானியல் பற்றித் தனிப் புத்தகமும் எழுதினார். கரும்புள்ளிகளுக்குக் காந்தப்புலம் உண்டு என்று அமெரிக்காவில் ஜார்ஜ் ஹேல் 1908-இல் கண்டுபிடித்திருந்தார். அப்படியானால் அங்கே வாயு சுழலாகச் சுற்ற வேண்டும் என்று எவர்ஷெட் எதிர்பார்த்தார். 1909 ஜனவரியில் காற்று தெளிந்திருந்த ஒரு நாளில் எடுத்த நிறமாலை வேறு சேதி சொன்னது: வாயு சுழலவில்லை, புள்ளியின் நடுவிலிருந்து வெளிப்புறமாக நொடிக்கு இரண்டு கிலோமீட்டர் போல ஓடியது. உலகப் பாடநூல்களில் அதற்கு எவர்ஷெட் விளைவு என்று பெயர்.

எவர்ஷெட்டுக்குப் பெயர் கிடைத்தது. பெயர் கிடைக்காத வேலையோ நாள் தவறாமல் நடந்தது. காலையில் கூரையைத் திறப்பது, கண்ணாடித் தகட்டைப் பொருத்துவது, சூரியனைப் படம் பிடிப்பது, கழுவுவது, தேதி எழுதி அடுக்குவது. 1904-இல் தொடங்கிய வெள்ளொளிப் படங்கள், பிறகு கால்சிய ஒளியில், 1912 முதல் ஹைட்ரஜன் ஒளியில். ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறை இந்த வேலையைப் பார்த்திருக்கிறது.

மழைக்கணக்கு மட்டும் கைகூடவில்லை. கரும்புள்ளியை எண்ணிப் பருவமழையை முன்கூட்டிச் சொல்லும் வித்தை யாருக்கும் பிடிபடவில்லை. சூரியனிலிருந்து பூமிக்கு வந்த சேதி வேறு வகையானது. அது ஏற்கெனவே பம்பாயில் பதிவாகியும் இருந்தது.

1859 செப்டம்பர் 1. இங்கிலாந்தின் ரெட்ஹில்லில் ரிச்சர்ட் காரிங்டன் கரும்புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தபோது அவற்றின் மேல் வெள்ளை வெளிச்சம் பளிச்சிட்டு, சில நிமிடங்களில் அணைந்தது. முறுக்கேறிய காந்தக் கோடுகள் அறுந்து மறுபடி ஒட்டும்போது இப்படி வெடிக்கும். கூடவே கோடிக்கணக்கான டன் மின்னேற்ற வாயு வெளியே வீசப்படும். அந்த மேகம் பூமிக்கு வர வழக்கமாக இரண்டு மூன்று நாள் ஆகும். அன்று அது வந்து சேரப் பதினெட்டு மணி நேரம்கூட ஆகவில்லை. அமெரிக்காவில் பாஸ்டனுக்கும் போர்ட்லாண்டுக்கும் இடையே தந்திக்காரர்கள் மின்கலத்தைக் கழற்றிவிட்டு, கம்பியில் தானாகப் பாய்ந்த மின்சாரத்திலேயே பேசிக்கொண்டார்கள். பம்பாய் கொலாபா ஆய்வகத்தில் காந்த ஊசியைக் கண்ணால் பார்த்துக் கையால் குறித்தவர்களின் ஏட்டில், பூமியின் காந்தப்புலம் சுமார் 1,600 நானோடெஸ்லா சரிந்ததாக இருக்கிறது. 2003-இல் இந்திய, வெளிநாட்டு ஆய்வாளர்கள் அந்த ஏட்டைப் புரட்டித்தான் அந்தக் காந்தப் புயலின் பலத்தைக் கணித்தார்கள். (கொலாபாவின் காந்தக் கருவிகள் பின்னால் அலிபாகுக்குக் குடிபெயர்ந்தன. பம்பாயில் மின்சார டிராம் ஓடத் தொடங்கினால் ஊசி ஆடும் என்ற பயம்.)

கொடைக்கானலுக்கும் காந்தக் கருவிகள் வந்தன. பூமியின் காந்த நடுக்கோடு தென்தமிழகத்துக்கு அருகே செல்வதால், சூரியப் புயல் வந்து மோதும் கணம் இங்கே பெரிதாகவே தெரியும். 1989 மார்ச்சில் அப்படிப்பட்ட ஒரு புயல் கனடாவின் கியூபெக் மாகாண மின்வலையை ஒன்றரை நிமிடத்தில் சாய்த்தது. அறுபது லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் இருட்டில் இருந்தார்கள்.

செயற்கைக்கோள் யுகத்தில் பழைய தகடுகளுக்கு என்ன வேலை? அங்கேதான் மலைவாசிகளின் பொறுமை பலித்தது. விண்ணில் போன கண்களுக்குச் சில பத்தாண்டு நினைவுதான் உண்டு. சூரியனின் ஒரு சுழற்சியே பதினோரு ஆண்டு. தீநாக்குகள் எங்கே எழுந்தன, எப்போது அறுந்து பறந்தன என்று நூறாண்டுக்குப் பார்க்க, உலகில் சில இடங்களில்தான் ஆவணம் இருக்கிறது. ஆய்வகத்தை இப்போது நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம் அந்தத் தகடுகளைக் கணினிக்கு ஏற்றியிருக்கிறது. 2023 செப்டம்பரில் புறப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தின் முதன்மைக் கருவியை உருவாக்கியதும் அதே நிறுவனம்தான். 2024 மே மாதம் இருபதாண்டில் காணாத காந்தப் புயல் அடித்தபோது, லடாக்கின் ஹான்லேயில் அந்நிறுவனத்தின் கேமராக்கள் வானம் சிவந்ததைப் பிடித்தன.

கொடைக்கானல் பெட்டிகளில் இடைவெளிகளும் உண்டு. பருவமழை பிடித்துக்கொண்டு மேகம் விலகாத நாட்களுக்குத் தகடு கிடையாது.