வாகனத் தொடர்பாடல்: அமெரிக்க வரலாறு

வாகனத் தொடர்பாடல் என்பது, சாலையில் செல்லும் வாகனங்கள் தமக்குள்ளும் சாலையோரக் கருவிகளுடனும் வானொலி அலைகள் மூலம் செய்தி பரிமாறிக்கொள்ளும் முறையாகும். ஒவ்வொரு வாகனமும் தன் இருப்பிடம், வேகம், செல்லும் திசை, பிரேக் நிலை ஆகியவற்றை நொடிக்கு 10 முறை அறிவிக்கும். சுமார் 300 மீட்டர் தொலைவுக்குள் உள்ள பிற வாகனங்கள் அதைப் பெற்று, மோதும் அபாயம் இருந்தால் ஓட்டுநரை எச்சரிக்கும். முன்செல்லும் லாரி மறைக்கும் வாகனத்தையும் அறிய முடிவதே இதன் சிறப்பு.

1999 அக்டோபரில் அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 5.9 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 75 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை இதற்கென ஒதுக்கியது. 2012இல் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் ஏறத்தாழ 2,800 வாகனங்களுடன் பெரும் சோதனை தொடங்கியது. புதிய கார்கள் அனைத்திலும் இக்கருவியைக் கட்டாயமாக்கும் விதி 2016 டிசம்பரில் முன்மொழியப்பட்டது.

ஆனால் ஒரு வாகனத்தில் மட்டும் கருவி இருந்து பயனில்லை. எதிரே வரும் வாகனத்திலும் இருக்க வேண்டும். கட்டாய விதியின் தேவை இதனாலேயே எழுந்தது. எனினும் அவ்விதி நடைமுறைக்கு வரவில்லை. பரவலாகப் பயன்படாதிருந்த அலைக்கற்றையில் 45 மெகாஹெர்ட்ஸை 2020 நவம்பரில் ஆணையம் வைஃபை முதலிய உரிமம் தேவைப்படாத பயன்பாடுகளுக்கு மாற்றியது. எஞ்சிய 30 மெகாஹெர்ட்ஸ் கைப்பேசித் தொழில்நுட்பம் சார்ந்த புதிய முறைக்கு ஒதுக்கப்பட்டது. 2023இல் முன்மொழிவும் திரும்பப் பெறப்பட்டது.

இதற்கிடையே, ஜப்பானில் டொயோட்டா 2015இலும், ஐரோப்பாவில் வோக்ஸ்வாகன் 2019இல் வெளியிட்ட எட்டாம் தலைமுறை கோல்ஃப் காரிலும் இவ்வசதியை விற்பனைக்குக் கொண்டுவந்தன.