வாடிவீடு (மாத்தளை மாவட்டம்)

வாடிவீடு என்பது, அரசாங்கக் கடமையின்பொருட்டுப் பிரயாணம் செய்யும் உத்தியோகத்தர் தங்குவதற்கென இலங்கையில் ஆங்கிலேயர் ஆட்சியின்போது பெருவீதியோரங்களில் அமைக்கப்பெற்று, அவர்கள் வாராத காலத்து ஏனையோருக்கும் வாடகைக்கு விடப்பட்ட விடுதியாகும். 1880ஆம் ஆண்டில் கண்டியிலிருந்து நீண்ட புகையிரதப் பாதை மாத்தளையோடு முடிவுற்றமையால், அதற்கு வடக்கே வீதிவழிச் சென்றோருக்கு நாலந்தா, தம்புள்ளை, சிகிரியா ஆகிய இடங்களின் வாடிவீடுகளே ஆதாரமாயின.

கடமையிலுள்ள உத்தியோகத்தருக்கு அறை பெறுவதில் முன்னுரிமை இருந்தது; பிறர் நிர்ணயித்த கட்டணத்தைச் செலுத்தி, வருகைப் புத்தகத்தில் பெயரெழுதித் தங்கினர். முன்விறாந்தையில் நீண்ட கைகளையுடைய சாய்மனைக் கதிரைகளும், சமையலையும் சாவிக்கொத்தையும் ஒருங்கே நிர்வகித்த வாடிவீட்டுக் காவலரும் இவ்விடுதிகளின் பொது லட்சணங்கள். 1966இல் ஸ்தாபிக்கப்பட்ட இலங்கை ஹோட்டல் கூட்டுத்தாபனத்தின் வசமான பின்னர், வாடிவீடுகள் பல உல்லாசப் பிரயாணிகளின் விடுதிகளாக மாறின.

உத்தியோகத்தருக்கான விடுதியைப் பிறருக்கும் வாடகைக்கு விடும் இம்முறைமை, திணைக்களங்களின் சுற்றுலா பங்களாக்களில் இன்றும் நிலவுகின்றது. மாத்தளை, பொலன்னறுவை மாவட்டங்களில் பரந்து, 1984இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்ட வஸ்கமுவையில், வனசீவராசிகள் திணைக்களத்தின் பங்களாக்களை முன்பதிவு செய்வோர் அரிசி, பருப்பு முதலிய பண்டங்களைத் தாமே கொண்டுசெல்ல, பங்களாக் காவலர் சமைத்துக் கொடுப்பார்.