விதைக்காத நிலத்துக்குக் கூலி

1932-33 குளிர்காலத்தில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பல வீடுகளில் மக்காச்சோளத்தைக் கதிரோடு அடுப்பிலிட்டு எரித்தார்கள். விற்று வரும் காசுக்கு நிலக்கரி வாங்குவதைவிட அது மலிவு. ஒரு புஷல், அதாவது இருபத்தைந்து கிலோவுக்குச் சற்று மேல், பத்துப் பன்னிரண்டு சென்ட்டுக்கு விலைபோன காலம்.

அம்மாநிலத்தின் வடமேற்கு மூலையில் பிளைமவுத் கவுண்டி இருக்கிறது. (கவுண்டி என்பதை நம் சிறிய மாவட்டம் என்று கொள்ளலாம்.) அதன் தலைநகரான லெ மார்ஸில், 1933 ஏப்ரல் 27 அன்று, விவசாயிகள் நீதிமன்றத்துக்குள் புகுந்தார்கள். கடனுக்காக நிலங்களை ஏலம்விடும் ஆணைகளில் இனிக் கையெழுத்திடுவதில்லை என்று உறுதி தரும்படி நீதிபதி சார்லஸ் பிராட்லியிடம் கேட்டார்கள். அவர் மறுத்தார். இழுத்துச் சென்று ஊருக்கு வெளியே ஒரு சாலைச் சந்திப்பில் கழுத்தில் கயிற்றை மாட்டினார்கள். அப்போதும் அவர் உறுதி தரவில்லை. உயிரோடு விட்டுவிட்டுக் கலைந்தார்கள். ஆளுநர் அந்தக் கவுண்டியில் ராணுவச் சட்டத்தை அறிவித்தார். இந்நிகழ்ச்சியில் யார் பக்கம் நிற்பது என்று நம்மால் இன்றும் எளிதில் சொல்லிவிட முடிவதில்லை.

பதினைந்தே நாட்களில், மே 12 அன்று, ரூஸ்வெல்ட் வேளாண் சீரமைப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மக்காச்சோள மானியத்தின் தொடக்கம் அதுவே. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில், களஞ்சியத்தில் பூட்டி முத்திரையிட்ட சோளத்தின் பேரில் புஷலுக்கு 45 சென்ட் கடன் கிடைத்தது. விலை ஏறினால் விற்றுக் கடனை அடைக்கலாம். ஏறாவிட்டால் சோளத்தை அரசிடம் விட்டுவிடலாம். அடுத்த ஆண்டு, நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கையாவது மக்காச்சோளம் விதைக்காமல் விடுபவருக்கு, அங்கே விளைந்திருக்கக்கூடிய ஒவ்வொரு புஷலுக்கும் 30 சென்ட் என்று கணக்கிட்டுத் தந்தார்கள். யார் எவ்வளவு குறைத்தார் என்பதைச் சரிபார்க்கக் கவுண்டிதோறும் விவசாயிகளின் குழுக்கள் அமைந்தன. பக்கத்து வீட்டுக்காரரின் வயலை அளக்கும் அந்த வேலையின் சங்கடத்தைக் கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இத்திட்டத்தை நடத்திய வேளாண் துறைச் செயலர் ஹென்றி வாலஸ் அயோவாக்காரர். கலப்பின மக்காச்சோள விதைக்காக 1926-ல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவரே. அரசு குறைத்தது நிலப்பரப்பை, விளைச்சலை அல்ல. ஒதுக்கியது போக எஞ்சிய நிலத்தில் உழவர் கூடுதலாக எடுக்க முயல்வது இயல்பு. 1930-களின் தொடக்கத்தில் அயோவாவில் அரிதாக இருந்த கலப்பின விதை அப்பத்தாண்டின் முடிவில் பெரும்பாலான வயல்களில் இருந்தது. ஒரே மனிதர் ஒரு கையால் அணை கட்டி, மறு கையால் ஆற்றைப் பெருக்கினார். அவரைக் குற்றம் சொல்ல நமக்கு மனமில்லை. இரண்டையும் அவர் உழவருக்காகவே செய்தார்.

1936 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. மண்வளப் பாதுகாப்பு என்ற பெயரில் மானியம் அதே ஆண்டு திரும்பியது. 1938-ல் புதிய சட்டமும் வந்தது. ஆனால் உபரி தீரவில்லை. 1973-ல் போக்கு மாறியது. சந்தை விலை குறிப்பிட்ட இலக்குக்குக் கீழே போனால் வித்தியாசத்தை அரசு கொடுக்கும் என்றாயிற்று. அப்போதைய செயலர் ஏர்ல் பட்ஸ், வேலியோரம்வரை விதையுங்கள் என்று ஊக்கினார். பத்தே ஆண்டில் கிடங்குகள் நிரம்பி வழிந்தன. 1983-ல், விதைக்காமல் இருப்பதற்குக் கூலியாக அந்தக் கிடங்குத் தானியத்தையே அளந்து கொடுத்தார்கள்!

மானியத்தை ஏக்கரையும் புஷலையும் வைத்துக் கணக்கிட்டால் அதிக நிலம் உள்ளவருக்கே அதிகம் போகும். அந்தப் பணத்தை எதிர்பார்த்து நிலத்தின் விலையும் குத்தகையும் ஏறும். 1930-களில் அயோவாவில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான பண்ணைகள் இருந்தன. 2022 கணக்கெடுப்பில் தொண்ணூறாயிரத்துக்கும் குறைவு. இயந்திரமும் நகரமும் இதில் பெரும்பங்கு வகித்தன என்பது உண்மைதான். என்றாலும் லெ மார்ஸில் கயிற்றோடு நின்றவர்கள் கேட்டது விலையை மட்டுமல்ல, தங்கள் நிலத்தை.

வாலஸ் காலத்து 1938 சட்டம் முழுமையாக நீக்கப்படவே இல்லை. ஒவ்வொரு புதிய வேளாண் சட்டமும் அதன் பழைய பிரிவுகளைச் சில ஆண்டுகளுக்கு நிறுத்திவைக்க மட்டுமே செய்கிறது.