திதியும் காரணமும்: மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் குடும்பங்களில் இதயநோய்

முன்னுரை

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றை எழுதியோர் புலப்பெயர்வு, தோட்ட வாழ்வு, தொழிற்சங்கம், தமிழ்க்கல்வி ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர். உடல்நலம் பற்றிய பேச்சோ பெரும்பாலும் மலேரியாக் காலத்தோடு நின்றுவிடுகிறது. அதன் பின்னர் நம் குடும்பங்களை வாட்டிய இதயநோய் வரலாற்றுப் பொருளாகப் போதிய அளவு கருதப்படவில்லை. காலையில் வேலைக்குச் சென்ற தந்தை மாலையில் உயிருடன் திரும்பாத செய்தி நம்மில் பலர் வீட்டில் உண்டு. அதனை ‘விதி’ என்றோ ‘பரம்பரை நோய்’ என்றோ ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். இவ்வாறு முடித்துவிடுவதால் நாம் இழப்பது யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோய் மாறிய காலம்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத் தொழிலாளரைப் பெரிதும் பலிகொண்டவை மலேரியா, வயிற்றுப்போக்கு முதலிய நோய்களே. 1901இல் கிள்ளானில் மருத்துவராகப் பணியேற்ற மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களின் நீரை வடித்துக் கொசுப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தினார். இத்தகைய முயற்சிகளால் காலப்போக்கில் இறப்புகள் குறைந்தன. நடுத்தர வயதை எட்டுவோர் பெருகினர். தொற்றுநோய் விலகிய இடத்தில் வேறொரு நோய் வெளிப்பட்டது.

அதனை எண்களால் காட்டிய முன்னோடிகளுள் டாக்டர் டி. ஜே. தனராஜ் குறிப்பிடத்தக்கவர். பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் புலமுதல்வராக விளங்கியவர் அவர். அவரும் அவர்தம் குழுவினரும் 1950 முதல் 1954 வரை சிங்கப்பூரில் நிகழ்ந்த 9,000க்கும் மேற்பட்ட பிணக்கூறாய்வுகளின் பதிவுகளை ஆராய்ந்து, 1959இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். இதயத் தமனி நோய், அதே நகரில் வாழ்ந்த சீனரைவிட இந்தியரிடையே பன்மடங்கு மிகுந்திருந்தமை அதனால் புலப்பட்டது. நம் சமூகத்தைப் பற்றிய இவ்வறிவு இறந்தோர் உடல்களிலிருந்தே பெறப்பட்டது என்பது எண்ணத்தக்கது.

மரபு என்பது யாது?

இவ்வேறுபாட்டுக்குக் குருதிவழி வந்த குறையே காரணம் எனக் கொள்வது எளிது. ஆயின் ஆய்வுகள் அத்துணை எளிய விடையைத் தரவில்லை. 1962இல் அமெரிக்க மரபியலறிஞர் ஜேம்ஸ் நீல், பஞ்ச காலத்தில் உயிர்காத்த மரபணுக்களே வளமான காலத்தில் நீரிழிவுக்கு வழிவகுக்கின்றன என்னும் கருதுகோளை முன்வைத்தார். அக்கருதுகோள் பின்னர்ப் பலரால் மறுக்கவும்பட்டது. புனே நகரில் சி. எஸ். யாக்னிக் குழுவினர் 1990களில் தொடங்கிய ஆய்வு, எடை குறைந்து பிறக்கும் இந்தியக் குழந்தைகளின் உடலிலும் கொழுப்பின் பங்கு ஒப்பீட்டளவில் மிகுந்திருப்பதைக் காட்டியது. தாயின் கருவறையில் கிடைத்த ஊட்டமும் மரபின் ஒரு கூறாகிறது என்பது இதனால் பெறப்படும்.

சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நிகழ்ந்து 2004இல் வெளிவந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு இங்கு நோக்கத்தக்கது. புகைத்தல், இரத்தக் கொழுப்பு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம் முதலிய ஒன்பது காரணிகள், முதல் மாரடைப்புக்கான இடரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை விளக்கிவிடுகின்றன என அது கண்டது. குடும்ப வரலாற்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோது அவ்விழுக்காடு ஏறக்குறைய ஒன்றே கூடியது. அவ்வாய்வின் தரவுகளைக் கொண்டு 2007இல் வெளிவந்த கட்டுரை, தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதிலும் பிறநாட்டினருக்கு ஏறத்தாழ 59 வயதிலும் நேர்வதைக் காட்டியது.

இதனால் குடும்ப வரலாறு பொருளற்றது என்பது கருத்தன்று. தந்தையிடமிருந்து பிள்ளைக்கு வரும் இடரில் பெரும்பகுதி, அளக்கத்தக்கனவும் மாற்றத்தக்கனவுமான இக்காரணிகள் வழியாகவே வருகிறது எனலாம். எனவே குடும்ப வரலாறு, எவரை முன்கூட்டியே சோதிக்க வேண்டும் என்பதைச் சுட்டும் குறிப்பாகிறது. உடன்பிறந்த ஆணுக்கோ தந்தைக்கோ 55 வயதிற்குள்ளும், உடன்பிறந்த பெண்ணுக்கோ தாய்க்கோ 65 வயதிற்குள்ளும் இதயநோய் கண்டிருந்தால், அதனை மருத்துவர்கள் தனிக் கவனத்திற்குரியதாகக் கொள்கின்றனர்.

பதிவாகாத காரணம்

எம் தந்தையார் திடீரென மார்புவலியால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, மருத்துவர் கேட்ட வினாக்களுள் ஒன்று, அவருடைய தந்தை எந்த வயதில், எதனால் இறந்தார் என்பதாகும். கூடியிருந்த உறவினருள் ஒருவர் காய்ச்சல் என்றார். ஒருவர் காற்றுக் கருப்பு என்றார். மற்றொருவர் பால்மரக் காட்டில் மயங்கி விழுந்தார் என்றார். ஆண்டுதோறும் படையல் இட்டு வந்தமையால் பாட்டனாரின் திதி மட்டும் அனைவருக்கும் ஐயமறத் தெரிந்திருந்தது. நாளிதழ்களில் வரும் நினைவஞ்சலிகளும் இத்தன்மையனவே. அவற்றில் நாளும் கருமக்கிரியை நடைபெறும் இடமும் இருக்கும். நோயின் பெயர் அரிதாகவே காணப்படும்.

தந்தை படுக்கையில் இருக்கையில் பிள்ளைகள் இரண்டு அச்சங்களைச் சுமக்கின்றனர். ஒன்று அவரைப் பற்றியது. மற்றொன்று தம்மைப் பற்றியது. இரண்டாவதை வாய்விட்டுச் சொல்வது தன்னலமாகத் தோன்றுவதால் அது பேசப்படாமலே போகிறது. பெற்றோர் குணமடைந்த பின்னரும் உடன்பிறந்தோர் தம் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கொழுப்பையும் சோதித்துக்கொள்ளாமல் இருப்பதற்கு இம்மௌனமும் ஒரு காரணமாகும்.

முடிவுரை

தமிழாசிரியர்கள் மாணவர்களைக் கொண்டு குடும்ப மரம் வரையச் செய்வதுண்டு. பெயர், பிறந்த ஊர், மலாயாவுக்கு வந்த ஆண்டு ஆகியவற்றோடு, இறந்த வயது, இறப்பின் காரணம் என்னும் இரண்டையும் மாணவர் தம் வீட்டில் கேட்டறியத் தூண்டலாம். அவை வகுப்பில் படித்துக்காட்டுவதற்குரியன அல்ல. வீட்டிலேயே காக்கப்பட வேண்டியவை. வாய்மொழி வரலாற்றில் பயிற்சியுடைய நம் துறையினர், ‘மயங்கி விழுந்தார்’, ‘நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்’ என்பன போன்ற சொற்களைச் சொன்னபடியே குறித்துவைக்கும் முறையை அவர்களுக்குக் கற்பிக்கலாம். அச்சொற்களின் மருத்துவப் பொருளை மருத்துவர் உணர்ந்துகொள்வார். தோட்டத்து மரணங்களை நேரில் கண்டவர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்தவர்கள். இப்பணி அவர்கள் இருக்கும்போதே செய்யப்பட வேண்டியதாகும்.